ஐந்தரைக் கோடி டாலர் கை

என் அக்கா ரோண்டாவின் கணவன் லைல் பூட்கா, ஊர் பார்க்கக் குனிந்து பிழைத்தவன். கெல்லர்டன் நாரைகள் என்ற எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியில் அவன் சென்டர். தரையில் இருக்கும் பந்தின் மேல் குனிந்து, அதைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுத்துவிட்டு, எதிரே பாய்ந்து வரும் முந்நூறு பவுண்டு மனிதனை நெஞ்சில் வாங்கிக்கொள்வது அவன் வேலை. பந்தை வாங்கியவர் எறிவார். ஊர் எறிந்தவரைப் பார்த்து எழுந்து நிற்கும். லைல் அப்போது பெரும்பாலும் யாருக்காவது அடியில் கிடப்பான்.

லைலோடு சேர்த்து ஐந்து பேர் சுவர் மாதிரி வரிசையாக நிற்பார்கள். அந்தச் சுவரின் இடது ஓரத்தில் நின்றவன் டெமெட்ரியஸ் பூன். எங்கள் குவார்ட்டர்பேக் கோல்பி ரான் வலது கையால் எறிபவன். எறியத் திரும்பும்போது அவன் முதுகு இடது பக்கம் இருக்கும். அந்தப் பக்கமிருந்து எவன் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. பூன் இருந்தவரை தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த வருஷம் நாரைகள் பாதிக்கும் சற்று அதிகமான ஆட்டங்களில் ஜெயித்தார்கள். எங்கள் ஊருக்கு அது பெரிய காரியம். ஏரிக்கரை இரும்பாலை மூடிய பிறகு எங்களிடம் மிச்சமிருந்தது இந்த அணியும் ஏரியும்தான். ஏரியில் குளிக்கக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பனிக்காலம் முடிந்ததும் கோல்பியின் ஒப்பந்தம் முடிந்தது. அதே வாரம் பக்கத்து மாநில அணி ஒன்று தன் குவார்ட்டர்பேக்குக்கு வருஷத்துக்கு ஐந்து கோடி டாலர் கொடுத்துவிட்டது. அவர் கோல்பியைவிட மட்டமானவர் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. மட்டமானவருக்கே ஐந்து என்றால் நம்மவருக்கு ஐந்தரையாவது கொடுக்காவிட்டால் உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று ஊரே கவலைப்பட்டது. என் டயர் கடையில் வேறு பேச்சே இல்லை. யாராவது ஒருவர், ஒரு மனிதனின் கை இவ்வளவு பெறுமா என்று இழுத்தால், மற்றவர்கள் ஒரே குரலில், அப்படியானால் நீ போய் எறி என்பார்கள். அதற்கு மேல் விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒப்பந்த விழா விளையாட்டரங்கின் பளிங்குக் கூடத்தில் நடந்தது. அணியின் உரிமையாளர் எவரெட் ட்ராஸ்க், மூன்று தலைமுறையாக மெத்தை செய்கிற குடும்பம். அவர் கோல்பியின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஒரு பத்திரிகைக்காரப் பெண் எழுந்து, ஐந்தரைக் கோடிக்குக் கோல்பி பெறுமானமுள்ளவர்தானா என்று கேட்டாள். பொது மேலாளர் நோலன் க்ரெப்ஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நல்ல கேள்விம்மா. நாங்க கொடுத்திருக்கோம் இல்லையா? பெறாத ஒருத்தருக்கு நாங்க இவ்வளவு கொடுப்போமா? மாட்டோம். அப்ப அவர் பெறுவாருன்னுதானே அர்த்தம்?”

அவள் அதை எழுதிக்கொண்டாள். மறுநாள் அதுவே தலைப்புச் செய்தியாக வந்தது.

லீக்கில் ஒரு விதி உண்டு. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு சென்ட் கூடாது. பானை ஒன்றுதான். அதில் கால்வாசியைக் கோல்பி எடுத்துக்கொண்டதும், மீதி முக்கால்வாசியில் ஐம்பது சொச்சம் பேர் கரண்டியோடு நிற்க வேண்டியதாயிற்று. க்ரெப்ஸ் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அதற்கு அன்புக் குறைப்பு விழா என்று பெயர்.

ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். தன் சம்பளத்தில் ஒரு பங்கைத் தானாக விரும்பி விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவருக்கு ட்ராஸ்க் கம்பெனியின் தலையணை ஒன்று பரிசு. அதன் உறையில் கோல்பியின் சிரித்த முகம் அச்சிட்டிருந்தது. விரும்பாதவர்கள் விரும்பாமல் இருக்கலாம், அவர்களுடைய சுதந்திரத்தை மதித்து அன்றைக்கே விடுவித்துவிடுவோம் என்று க்ரெப்ஸ் தெளிவாகச் சொன்னார். லைல் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு முப்பத்து நாலு வயது. முழங்கால் இரண்டும் காலையில் படியிறங்கும்போது ஆளுக்கொரு சத்தம் போடும். ஒப்பந்தப்படி, அணி அவனை நீக்கினால் முழங்கால் வைத்தியச் செலவு அணியுடையது. அவனாக விலகினால் அவனுடையது.

தலையணையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். இன்னொருத்தன் மூஞ்சியை என் கட்டிலில் வைக்காதே என்று ரோண்டா சொல்லிவிட்டாள். அவர்கள் நாய் அதன் மேல் படுக்க ஆரம்பித்தது.

பூன் கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலையே அவன் அலமாரியைக் காலி செய்தான். வண்டியில் சாமான் ஏற்ற லைல் உதவிக்குப் போயிருந்தான். இரண்டு பேரும் ஏழு வருஷம் தோளோடு தோள் நின்றவர்கள்.

“க்ரெப்ஸு என்ன பண்ணியிருக்கான் தெரியுமாடா?” என்றான் பூன். “வீட்டுக்குத் தங்கத்துல கதவு போட்டுட்டான். இப்ப சுவத்த வித்து அந்தக் கடன அடைக்கிறான்.”

“நீயும் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல.”

“அந்தத் தலகாணிய வாங்கிட்டு எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது? பையனப் பாத்துக்கடா. அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. அவனுக்கு இடது பக்கம் கண்ணு கிடையாது, அவ்வளவுதான்.”

பூனின் இடத்துக்குக் கர்ட் என்பவன் வந்தான். நல்ல மனசுக்காரன், உழைப்பாளி. மூன்று அணிகள் அவனை ஏற்கெனவே நீக்கியிருந்தன. அவனுடைய மிகப் பெரிய தகுதி, லீக் அனுமதிக்கும் அடிமட்டச் சம்பளத்துக்கு அவன் சந்தோஷமாகச் சம்மதித்ததுதான். கோடை முடிவதற்குள் சுவரில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் இடத்தில் வந்தவர்களும் கர்ட்டைப் போலவே சந்தோஷமானவர்கள்.

பயிற்சி முகாம் தொடங்கியதும் கை நலப் பிரிவு என்று ஒன்றை உண்டாக்கினார்கள். ஆர்லீன் வோஸ் என்ற அம்மையார் அதற்குத் தலைவி. இவ்வளவு பணத்தை ஒரு கையில் போட்டுவிட்டு அந்தக் கையைச் சும்மா விட முடியாது என்பது நியாயம்தானே. கோல்பியோடு யாரும் கைகுலுக்கக்கூடாது. அவன் தானாகக் கதவு திறக்கக்கூடாது. தேய்மானம் ஆகும் என்பதால் பயிற்சியில் நாளுக்கு இத்தனை முறைக்கு மேல் எறியக்கூடாது. அந்த எண்ணிக்கையும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கோல்பி எறிவதுபோல் பாவனை செய்ய, பிடிப்பவர்கள் பிடிப்பதுபோல் பாவனை செய்தார்கள். பாவனையில் அவர்கள் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை என்று பயிற்சியாளர் அறிக்கை கொடுத்தார்.

ஆர்லீன் வோஸின் ஆராய்ச்சி சீக்கிரமே லைலிடம் வந்து நின்றது. பந்து கோல்பியின் கைக்குப் போகும் முன் எங்கே இருக்கிறது? லைலின் பின்புறத்துக்குக் கீழே. லைல் வியர்க்கிறவன். அந்த ஈரம் பந்தில் படிந்து, பந்திலிருந்து அந்தக் கைக்குப் போகிறது. லைல் தன் கால்சட்டையின் பின்பக்கம் துண்டு செருகிக்கொள்வது வழக்கம்தான். அது போதாது என்று அந்த அம்மையார் கருதினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு லைல் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க, இரண்டு அதிகாரிகள் ஈரப்பதம் அளக்கும் கருவியோடு அவன் பின்புறத்தைச் சோதிப்பார்கள். தேறினால் பச்சை ஒட்டி ஒன்றை ஒட்டுவார்கள். முதல் முறை ஒட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ரோண்டா அதைப் பிய்த்துவிட்டுக் கேட்டாள்:

“உன் முட்டிய யாராவது பாத்தாங்களா?”

“முட்டி அவங்க பிரிவுல வராதாம்.”

ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்திலேயே கோல்பி பலமுறை மண்ணைக் கவ்வினான். பந்து லைலின் கையைவிட்டுப் போவதும், கர்ட்டின் பக்கம் ஒரு மனிதன் புயலாக நுழைவதும், கோல்பி விழுவதும் ஒரே ஒழுங்கில் நடந்தன. நாரைகள் தோற்றார்கள். அடுத்த வாரமும் தோற்றார்கள். எப்போதாவது கோல்பி தப்பி நின்று எறிந்தாலும், பிடிக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஓடத் தெரிந்த மலிவான பையன்கள் இருந்தார்கள். அவர்கள் பந்து இருக்கும் இடத்தைத் தாண்டியும் ஓடினார்கள்.

க்ரெப்ஸ் கலங்கவில்லை. விழுந்துகொண்டே எறிவதில் லீக்கிலேயே கோல்பிதான் முதலிடம் என்று ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டார். வேறு யாரும் அத்தனை முறை விழவில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. இவ்வளவு மோசமான அணியிலேயே இவர் இப்படி எறிகிறார் என்றால் நல்ல அணியில் எப்படி எறிவார் என்று எண்ணிப் பாருங்கள் என்று வானொலியில் கேட்டார். எண்ணிப் பார்த்து நாங்களும் கொஞ்சம் சந்தோஷப்பட்டோம். அரங்கில் சாஸேஜ் விலையை ஏற்றினார்கள்.

கோல்பி கெட்டவன் இல்லை. நெப்ராஸ்காவில் சோளம் விளைகிற ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்தவன். தன்னைவிட ஏழு வயது மூத்த லைலைப் பெருசு என்றுதான் கூப்பிடுவான். ரோண்டா செய்யும் பியரோகிக் கொழுக்கட்டையை ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போவான். கை நலப் பிரிவுக்குத் தெரிந்தால் வம்பு என்று அக்கா பிடுங்கிக்கொள்வாள். அக்டோபர் மாதம் ஒருநாள் பயிற்சி முடிந்து லைலின் வண்டியில் வந்து ஏறியவன், சீட் பெல்ட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். இடது விலாவில் அடி. கை மறுபக்கம் திரும்பவில்லை. லைல் குனிந்து பெல்ட்டை மாட்டிவிட்டான்.

“பெருசு, நான் அவ்வளவு பெறுவேனா?”

லைல் வண்டியைக் கிளப்பாமல் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே நேரம் பிடிக்கும்.

“நல்லா எறியற தம்பி” என்றான்.

“அதக் கேக்கல.”

“எனக்குத் தெரியல. யாராவது ஒருத்தர் அவ்வளவு பெறுவாங்களான்னே எனக்குத் தெரியல.”

கோல்பி தலையாட்டினான். இப்போதெல்லாம் பந்து கைக்கு வந்ததுமே முதுகு கூசுகிறது, எறியப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன் என்று சொன்னான். தன் சம்பளத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பூன், மற்ற இருவர் என மூவரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் இல்லையா என்று கேட்டான். லைலுக்கு அது உலகத்திலேயே சுலபமான விஷயமாகத் தோன்றியது. இருவரும் மறுநாளே க்ரெப்ஸின் அறைக்குப் போனார்கள்.

க்ரெப்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். கோல்பி மறுபடி சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகத் தொலைபேசியை எடுத்து அணி மருத்துவரை வரச் சொன்னார். தலையில் அடிபட்டவர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவதுண்டு. அவர்களை உடனே சோதிக்க வேண்டும் என்பது லீக் விதி. மருத்துவர் வந்து கோல்பியின் கண்ணில் விளக்கடித்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். கோல்பி புதன் என்றான். அன்று வியாழன். மருத்துவர் முகம் சுருங்கியது. உங்கள் வருஷச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். கோல்பி ஐந்தரைக் கோடி என்றான். நினைவு தெளிவாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவர் போனார்.

அதற்குள் கோல்பியின் ஏஜென்ட்டும் ஆட்டக்காரர் சங்கத்து ஆளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு குவார்ட்டர்பேக் குறைத்து வாங்கினால் நாளைக்கு எல்லாக் குவார்ட்டர்பேக்குகளின் விலையும் விழும், அவர்கள் பிள்ளைகுட்டிகள் என்ன ஆவது என்று சங்கத்து ஆள் கேட்டார். ஏஜென்ட் அழவே தொடங்கிவிட்டார். ஆனால் க்ரெப்ஸ் நல்ல மனிதர். கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கோல்பியின் இந்த வருஷச் சம்பளத்தைக் குறைக்கத் தாம் தயார் என்றார். குறைத்த தொகையை வருங்காலத்து வருஷங்களுக்குத் தள்ளிவிடுவது, தள்ளியதற்கு ஈடாகக் கொஞ்சம் கூட்டிப்போடுவது, அதற்கு ஏற்ப ஒப்பந்தத்தைக் கோல்பிக்கு நாற்பத்தாறு வயது ஆகும்வரை நீட்டுவது என்று அங்கேயே முடிவாயிற்று. குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போன கோல்பி, ஆறு கோடி அதிகமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வெளியே வருவதற்கு முன்பு லைல் ஒரு சந்தேகம் கேட்டான். நாற்பத்தாறு வயதில் இவன் ஆட மாட்டானே, அப்போது இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்றான்.

“யாரு கொடுப்பாங்களோ எனக்கு எப்படித் தெரியும் லைல்? அப்ப நான் இங்க இருக்க மாட்டேன். இந்தத் திட்டத்தோட அழகே அதுதான்” என்றார் க்ரெப்ஸ்.

எப்படியோ, இந்த வருஷப் பானையில் கொஞ்சம் இடம் கிடைத்துவிட்டது. லைல் வீட்டுக்கு வந்ததும் பூனுக்குப் போன் செய்து பெட்டியைக் கட்டி வைக்கச் சொன்னான். பூன் அப்போது ஒரு பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் பானையில் கிடைத்த அந்த இடத்தில் க்ரெப்ஸ் இன்னொரு குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்தார். கோல்பிக்கு அடிபட்டால் மாற்று ஆள் வேண்டுமே என்றார். லைல் மறுபடி அவர் அறைக்குப் போனான். தானாக அவன் ஒரு மேலதிகாரியின் கதவைத் தட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

“பூனக் கூப்பிட்டா கோல்பிக்கு அடியே படாதே சார்.”

க்ரெப்ஸ் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “அடி படலேன்னா மாத்து ஆளுக்குக் கொடுத்த பணம் வீணாயிடுமே லைல். இதெல்லாம் நீங்க யோசிக்கறதில்ல.”

லைல் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். வந்தும் யோசித்தான். வேலையை விட்டுவிடு என்று ரோண்டா சொன்னாள். விட்டால் முழங்காலுக்கு யார் செலவழிப்பது என்றான். அவர்களே உன்னை நீக்கும்படி ஏதாவது செய்யேன் என்றாள். என்ன செய்தால் நீக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் சம்பளம் ஏற்கெனவே அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது. அவனை நீக்கினால் யாருக்கும் ஒரு காசு மிச்சமில்லை.

டிசம்பரில் கடைசி உள்ளூர் ஆட்டம். நாரைகள் கோப்பைப் போட்டியிலிருந்து எப்போதோ வெளியேறிவிட்டார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஏரியிலிருந்து பனி பக்கவாட்டில் அடித்தது. கோல்பியை உட்கார வைத்துவிட்டு மாற்று ஆளை ஆடவிடலாம் என்று பயிற்சியாளர் கேட்டுப் பார்த்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கியது ஐந்தரைக் கோடியைப் பார்க்க, உட்கார்ந்திருக்கிற ஐந்தரைக் கோடியைப் பார்க்க அல்ல என்று ட்ராஸ்க் சொல்லி அனுப்பினார். நானும் டிக்கெட் வாங்கியிருந்தேன். லைலுக்குப் பச்சை ஒட்டி ஒட்டினார்கள்.

மூன்றாவது பகுதியில் நாங்கள் நிறையப் பின்தங்கியிருந்தோம். லைல் குனிந்தான், பந்தைக் கொடுத்தான், எதிரே வந்தவனை நெஞ்சில் தாங்கினான். இடது ஓரத்தில் கர்ட்டின் கால் பனியில் வழுக்கியது. அவ்வளவுதான் நடந்தது. கோல்பி கையைப் பின்னுக்கு ஓங்கியிருந்தான். அந்த நேரம் பார்த்து அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் எறிய நினைத்தது நல்ல எறிதலாக இருந்திருக்கும். தூரத்தில் ஒரு பையன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். நான் வடக்குப் பக்கத்தில் மேலே உட்கார்ந்திருந்தேன். அங்கே வரை சத்தம் கேட்டது. லைல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். அவன் கேட்டது என்ன என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ரோண்டாவிடம் ஒருமுறை ஆரம்பித்து, பாதியில் எழுந்து போய்க் கார்க் கொட்டகையில் நின்றுகொண்டான்.

கோல்பி முகம் குப்புறக் கிடந்தான். லைல் மண்டியிட்டுக் குனிந்து அவன் பெயரைச் சொன்னான்.

“பெருசு, பந்து என் கையில இருக்கா?”

பந்து எங்கோ உருண்டு போயிருந்தது. கோல்பியின் வலது கை லைலின் கைக்குள் இருந்தது. லைல் அதை அழுத்தினான். மறுபடி அழுத்தினான்.

“இருக்குடா” என்றான்.

முதலில் ஓடி வந்தது கை நலப் பிரிவு. ஆர்லீன் வோஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லை என்று மேலே ட்ராஸ்க் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஸ்ட்ரெச்சர் வண்டி பனியில் சக்கரம் சிக்கி நின்றுவிட்டது. சுவரில் நின்ற ஐந்து பேரும் கோல்பியைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தார்கள். கர்ட் வழிநெடுக அழுதுகொண்டே வந்தான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த நேரத்தில் கைகளை வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கழுத்து நரம்பில் அடி. கோல்பி நடந்தான், பேசினான், சாப்பிட்டான். வலது கை மட்டும் தோளிலிருந்து ஒரு துணி மாதிரி தொங்கியது. கை நலப் பிரிவின் இலக்கு நூறு சதவீதம் நிறைவேறியது என்றும், விபத்து நடந்தது கழுத்தில் என்றும் க்ரெப்ஸ் பத்திரிகைகளுக்குச் சொன்னார். ஆர்லீன் வோஸுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆடாத ஆட்டக்காரனுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு இந்தத் தொழிலில் செத்த பணம் என்று பெயர். கோல்பிக்கு நாற்பத்தாறு வயது ஆகும்வரை அது பானையில் கிடக்கும்.

லைல் மார்ச் மாதம் நெப்ராஸ்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கோல்பி இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். பணம் மாதாமாதம் வருகிறது என்றான். அப்பா அதில் ஒரு கதிர் அறுக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார் என்றான். லைல் அங்கே இரண்டு நாள் தங்குவதாக இருந்தது. ஒரு நாளிலேயே கிளம்பிவிட்டான்.

ஏப்ரலில் பளிங்குக் கூடத்தில் மறுபடி விழா. மிசிசிப்பியிலிருந்து கேடன் மாப்ரி என்ற இருபத்து மூன்று வயதுக்காரன் வந்திருந்தான். வருஷத்துக்கு ஆறரைக் கோடி. ஒரு குவார்ட்டர்பேக் இல்லாமல் நாம் எவ்வளவு அனாதைகள் என்பதைக் கோல்பியின் விபத்து நமக்குக் கற்றுக்கொடுத்தது, ஆகவே இந்த முறை கூடுதலாக முதலீடு செய்கிறோம் என்றார் க்ரெப்ஸ். என் டயர் கடையில் யாரோ, ஆறரை கொஞ்சம் அதிகம் என்றார். அப்படியானால் நீ போய் எறி என்றார்கள்.

பழைய ஆள் ஒருவர் புதியவரை வரவேற்றுப் பேசினால் நன்றாக இருக்கும் என்று லைலை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் அன்று காலை கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டே ரோண்டாவிடம், இன்றைக்கு எப்படியும் என்னை நீக்கிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தான். அக்கா அவனுக்குப் பிடித்த ஆட்டிறைச்சி வாங்கி வைத்திருந்தாள்.

மைக் அவனுக்கு உயரம் குறைவாக இருந்தது. வழக்கப்படி அவனே குனிந்தான்.

“எனக்குப் பேச வராது. போன தடவ இதே மேடையில கோல்பி நின்னான். அவனப் பாத்துக்க நாங்க அஞ்சு பேரு இருந்தோம். அவனுக்குக் கொடுக்கறதுக்காக அதுல மூணு பேர அனுப்பிட்டீங்க. கடைசியில அவன நாங்கதான் தூக்கிட்டுப் போனோம்.” மாப்ரியைத் திரும்பிப் பார்த்தான். “இந்தப் பையனையும் தூக்கிட்டுப் போவோம். நீங்க கேக்கறது அதத்தானே. செய்வோம்.”

 லைல் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, க்ரெப்ஸ் எழுந்து வருவதற்காகக் காத்திருந்தான். எழுந்தது ட்ராஸ்க். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கைதட்டத் தொடங்க, கூடம் முழுவதும் எழுந்தது. பத்திரிகைக்காரப் பெண்ணும் தட்டினாள். இத்தனை வருஷத்தில் ஒரு மனிதன் இவ்வளவு விசுவாசமாகப் பேசித் தாம் கேட்டதில்லை என்று ட்ராஸ்க் லைலைக் கட்டிக்கொண்டார். க்ரெப்ஸ் அங்கேயே அவன் ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டினார், அதே சம்பளத்தில்.

வாரக் கடைசிக்குள் சட்டைகள் வந்துவிட்டன. நாரைப் படம் போட்டு, கீழே பெரிய எழுத்தில், “இவரையும் தூக்கிட்டுப் போவோம்!” ஊரில் அந்தச் சட்டை போடாதவர்களைப் பார்ப்பது அரிதாயிற்று. பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். விற்றுக் கொடுக்கச் சொல்லி என் கடைக்கும் ஒரு பெட்டி வந்தது. நன்றாகவே விற்றது. பூன் தொலைபேசியில் லைலிடம், நீ என்னடா சொன்னே, அவங்க என்னடா போட்டிருக்காங்க என்று கேட்டான். சொன்னதைத்தான் போட்டிருக்கிறார்கள் என்றான் லைல்.

கோடையில் முதல் நாள் பயிற்சி. கர்ட்டை நீக்கிவிட்டு இடது ஓரத்தில் அவனைவிட மலிவான ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். கை நலப் பிரிவு வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. லைல் பந்துக்குப் பின்னால் வந்து நின்றான். மாப்ரி அவனுக்குப் பின்னால் வந்து நின்றான். ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் கத்த வேண்டியது மாப்ரியின் வேலை. அவன் கத்தவில்லை. சட்டை விற்கிற கூடாரத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“சார்” என்றான் மாப்ரி, லைலுக்கு மட்டும் கேட்கும்படி. “எனக்கு பயமா இருக்கு சார்.”

லைல் இடது பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு சத்தம் போட, குனிந்தான்.